பெயரில்லாத வெள்ளை டிராகன்

2010இல் தொடங்கிய 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' அனிமேஷன் படவரிசை, 2019இல் மூன்றாம் படத்தோடு முடிந்தது. தானே ஊனமாக்கிய வாலுக்குச் செயற்கைத் துடுப்புச் செய்து கொடுத்து, இனி நீ தனியே பறக்கலாம் என்று டூத்லெஸ்ஸை விடுகிறான் ஹிக்கப். பிடித்துவைக்காத அந்த அன்புக்காக நானும் அழுதேன்.

அழுகை அடங்கியபின் மனதில் நின்றவள் வெள்ளை டிராகன். டூத்லெஸ்ஸின் துணையாக வரும் அவளுக்குப் படம் பெயரே வைக்கவில்லை. லைட் ஃப்யூரி என்பது இனப்பெயர். மயக்குவது, அழைத்துச்செல்வது, கடைசியில் மூன்று குட்டிகளோடு தோன்றுவது என்பதே அவளுக்கான பங்கு. விழுகிற ஹிக்கப்பைக் காப்பாற்றியும் அது மாறவில்லை. 2014இல் வந்த இரண்டாம் படம், டிராகன்களைக் கொல்ல மறுத்து 20 ஆண்டுகள் அவற்றோடு வாழ்ந்த தாய் வால்காவைக் குற்றவாளியாக்காமல் காட்டியது. மூன்றாவதில் அவளும் ஓரத்துக்குப் போய்விடுகிறாள்.

ஆனால் பெர்க் ஊரில் பெயர் பெற்ற டிராகன்கள் சேணமும் பெற்றவை. இவள்மீது அந்த ஊரின் சேணம் ஏறவில்லை. மனிதரை நம்பலாகாது என்பதே தொடக்கம் முதல் இவளுடைய நிலை. டிராகன்கள் மனிதரை விட்டு விலகினால்தான் பிழைக்கும் என்று படமும் கடைசியில் அதைத்தான் ஒப்புக்கொள்கிறது. அவளுக்கு முன்பே தெரிந்திருந்ததைக் கற்க ஹிக்கப்புக்கு ஒரு முழுப்படம் தேவைப்பட்டது. ஞானி என்ற பெயர் மட்டும் அவனுக்கு.