துயரம் முதலில், காயம் பிறகு

நற்றிணையின் 216ஆம் பாடலில் ஒரு பெண் சட்டென்று வந்து போகிறாள். பெயர் திருமாவுண்ணி. அயலான் ஒருவன் தந்த துயரம் தாளாமல் தன் மார்பொன்றை அறுத்துக்கொண்டவள். மதுரை மருதன் இளநாகனார் முதலில் துயரத்தைச் சொல்கிறார். காயம் பிறகுதான் வருகிறது. நாமோ அவள் கண்ணகிதானா இல்லையா என்று வாதாடியே காலம் கழித்தோம். அந்தத் துயரம் என்ன என்று நின்று கேட்டது குறைவு. சிலம்பின் வஞ்சினமாலையையும் கற்பின் ஆற்றல் என்றே பாடம் நடத்துகிறோம். கணவன் பொருட்டு என்றால் காயமும் தெய்வமாகிவிடும்.

குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தபின் கேட்டாள்: "அவங்களுக்குக் கோயில் கட்டுனாங்க. என் கைத் தழும்பைப் பார்த்தா மட்டும் ஏன் மேடம் நாடகம்னு சொல்றாங்க?"

நாடகம், மிரட்டல், கொழுப்பு. வீடு வைத்திருக்கும் சொற்கள் இவ்வளவுதான். மருத்துவமனையிலும் தையல் போடும்போதே திட்டு விழுந்தால், அடுத்த முறை அவள் காயத்தை மறைத்துவிடுவாள்.

போலீஸ் பயம் வேறு. பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில், அரசு ஊழியரைப் பணியவைக்கச் செய்யும் முயற்சி தவிர, மற்றவை குற்றமில்லை. பயம் மட்டும் இன்னும் இருக்கிறது.

தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர் எல்லோரும் சாக விரும்புவதில்லை. தாங்க முடியாத ஒன்றை அந்த நேரத்துக்குக் கடக்க அதைப் பிடித்துக்கொள்கிறவர்கள் பலர். அதற்காக அலட்சியமாக விடவும் முடியாது. பின்னாளில் தற்கொலைக்கான அபாயம் அவர்களுக்கு அதிகம். இத்தகைய பெண்களுக்காக மார்ஷா லைன்ஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய சிகிச்சை பற்றிய ஆய்வு 1991இல் வெளியானது. அவள் வேதனை உண்மை என்று ஏற்பதும், அதைத் தாங்க வேறு வழிகளைப் பழக்குவதும் அதில் சேர்ந்தே நடக்கும். இளவயதில் தானும் அப்படிக் காயப்படுத்திக்கொண்டவர் என்பதை 2011இல்தான் அவர் வெளியில் சொன்னார். பேராசிரியருக்கே அத்தனை ஆண்டு ஆயிற்று.

காயத்துக்குக் கட்டுப் போட்டதும் கூட வந்த மாமியாரையும் அண்ணனையும் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்ல வேண்டும். பிறகு, என்ன நடந்தது என்று அவளிடமே கேட்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. ஆனால் பேசுவதற்கு அவள் கையில் ஒரு கைபேசி வேண்டும், பிறர் காதில் விழாத ஓர் இடமும் வேண்டும்.