பட்டை உரித்தவன் எங்கே?

மிளகுக்கும் பட்டைக்கும் வெள்ளைக்காரன் கப்பலேறி வந்தான், ராஜாக்களோடு ஒப்பந்தம் போட்டான், நாட்டைப் பிடித்தான். நம்ம பாடப்புத்தகம் சொல்கிற வரலாறு இவ்வளவுதான். இதில் ராஜா இருக்கிறான், தளபதி இருக்கிறான். பட்டையை உரித்தவன் எங்கே?

1638இல் கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கன் டச்சுக்காரரோடு உடன்படிக்கை செய்தான். போர்த்துக்கீசியரை விரட்டித் தந்தால் கறுவாப்பட்டை வியாபாரம் உங்களுக்கு என்பது பேச்சு. 1658இல் போர்த்துக்கீசியர் போனார்கள். துறைமுகங்களை டச்சுக்காரரே வைத்துக்கொண்டார்கள். ‘இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கின கதை’ என்று சிங்களத்தில் இதற்கொரு சொலவடை உண்டு. அது ஏமாந்த ராஜாவின் புலம்பல். சலாகம சாதிக்காரனுக்கு இஞ்சியும் ஒன்றுதான், மிளகாயும் ஒன்றுதான். யார் ஆண்டாலும் காட்டுக்குள் போய்ப் பட்டை உரித்து அளந்து கொடுப்பது அவன் சாதி ஊழியம். கொடி மாறியது, ஊழியம் மாறவில்லை. வெள்ளைக்காரன் சாதியை ஒழிக்கவா வந்தான்? வேலை வாங்க அது அவனுக்கு வசதியாக இருந்தது.

அதே 1658இல் இந்தக் கரையில் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கைக்குப் போயின. 1659 முதல் 1661 வரை, பிஜப்பூர்ப் படை சூறையாடித் தஞ்சைச் சீமை பஞ்சத்தில் கிடந்தபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் கம்பெனி 8,000 முதல் 10,000 பேரை அடிமைகளாக வாங்கியது. பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1673–77இல் மதுரைக் கரையிலிருந்து மட்டும் 1,839 பேர். பஞ்சத்தில் முதலில் விலைபோகிறவன் நிலமில்லாதவன் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகச் சொல்லப்படுவது முக்கூடற்பள்ளு. எம்.ஏ. வகுப்பில் நயத்துக்காக அதைப் படித்தோம். நெல் வகை, மாட்டு வகை, மீன் வகை எல்லாம் வரிசையாக வரும். மூத்த பள்ளி, இளைய பள்ளி சண்டை வரும். பண்ணைக்காரன் பள்ளனைக் குட்டை மரத்தில் மாட்டுவான். அதை நகைச்சுவை என்றார்கள் பண்டிதர்கள். தாமிரபரணி கடலில் சேர்கிற கரையோரம் ஆள் விலைபோன காலம் அது. மாட்டுக்கு இத்தனை வகை சொன்ன புலவனுக்கு மனுசன் விலைபோனது கண்ணில் படவில்லை. ஆனாலும் அவனையறியாமல் அந்தக் குட்டை மரத்தை எழுதிவைத்துவிட்டான். சிரிக்கிறவன் சிரிக்கட்டும், எனக்கு அது ஆவணம்.

எங்க பக்கத்துச் சிவகாசி வரலாறும் இப்படித்தான். 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த இருவர் கதையாகவே எழுதப்படுகிறது. மருந்து அள்ளி, குழாய் சுற்றி, திரி ஏற்றின சனம் விபத்துச் செய்தியில் வெறும் எண்ணிக்கையாக வருகிறது, அந்த 1,839 பேரைப் போல. அந்த எண்ணைப் பிரித்து ஆளாக எழுதுகிற வேலை நம்ம இலக்கியத்துடையது. பண்டிதர் வந்து செய்யமாட்டார்.