மூலமும் விரிவும்: ஆர்டுயின் கிரிமுவார் ஒரு திறனாய்வு

அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து 1974ஆம் ஆண்டில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பெயரால் மூன்று சிறு நூல்கள் ஒரே பெட்டியில் வெளிவந்தன. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் அவற்றின் ஆசிரியர். முதற்பதிப்பு 1000 படிகள். கதைமாந்தர் வேடத்தைத் தாமே ஏற்று, மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டிப் பேச்சாலேயே கதையை வளர்த்துச் செல்லும் ஆட்டவகைக்கு அச்சில் வந்த முதல்நூல் இவையே. கதை நிகழும் களத்தை வகுத்து விதிகளை நடத்துபவர் நடுவர் எனப்படுவார். ஏனையோர் வீரர், மந்திரவாதி முதலிய வேடங்களை ஏற்பர். மூன்றாண்டு கழித்துக் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில், டேவிட் ஹார்கிரேவ் என்பவர் தம் குழுவினருடன் ஆடிய அதே ஆட்டத்தில் தாம் சேர்த்த விதிகளையும் உயிரினங்களையும் திரட்டி ‘தி ஆர்டுயின் கிரிமுவார்’ (1977) என நூலாக்கினார். ‘வெல்கம் டு ஸ்கல் டவர்’, ‘தி ரூன்ஸ் ஆஃப் டூம்’ என்னும் இரண்டும் 1978இல் அதனைத் தொடர்ந்தன. ஆர்டுயின் என்பது ஹார்கிரேவ் படைத்த கற்பனை நாடு. கிரிமுவார் என்பது மந்திரச் சுவடி என்னும் பொருளது.

இம்முத்தொகுதியைப் பற்றி இரு கருத்துகள் வழங்குகின்றன. மூலத்தின் அளவமைதியைக் கெடுத்த இடைச்செருகல் திரட்டு எனப் புறந்தள்ளுவார் ஒரு சாரார். மூலத்தோடு தொடர்பற்ற தனி ஆட்டம் எனப் போற்றுவார் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா என்பதே இக்கட்டுரையின் கருத்து. முதல், வழி, சார்பு என நூலை மூவகைப்படுத்தும் நன்னூலார் நெறி ஈண்டுப் பயன்படும். முதல்நூலின் முடிபை முழுதும் ஏற்று வேண்டிய வேறுபாடு கூறுவது வழிநூல். ஒரு புடை ஒத்துப் பிறவற்றில் திரிந்து செல்வது சார்புநூல். ஆர்டுயின் சார்புநூல். சார்புநூலை மூலமின்றிப் படித்தலும் ஆகாது. மூலத்தைக் கொண்டு மட்டும் அளத்தலும் ஆகாது.

முதற்கண் மூலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். 1974ஆம் ஆண்டு நூல் தன்னளவில் நிறைவுற்றதன்று. போர்முறைக்கு அது 1971இல் வெளிவந்த ‘செயின்மெயில்’ என்னும் வேறொரு விதிநூலைச் சுட்டுகிறது. காட்டுவழிப் பயணத்திற்கு ‘அவுட்டோர் சர்வைவல்’ என்னும் பிறர் வெளியிட்ட ஆட்டத்தின் பலகையை வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. பல விதிகள் ஒரு வரியில் தொடங்கி அவ்வரியிலேயே முடிகின்றன. குன்றக் கூறல் என்னும் குற்றம் இந்நூலிற் போல வெளிப்படையாக நிற்பது அரிது. எனினும் மூன்றாம் தொகுதியின் இறுதியில் ஆசிரியர் ஒன்று கூறுகின்றனர்: இனி வேண்டுவனவற்றை ஆடுவோரே கற்பித்துக்கொள்க, கற்பனை செய்யும் உரிமையை எம்மிடம் ஒப்படைத்தல் எதற்கு என்பது அதன் கருத்து. நம் இலக்கண நூல்களின் இயல்தோறும் வரும் புறனடை நூற்பாவை இது ஒத்திருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. நம் புறனடை கூறாதவற்றையும் கூறியவற்றின் நெறியிலேயே அடக்கிக்கொள்ளச் சொல்வது. இந்நூலின் புறனடையோ நெறியையும் படிப்போர் கையிலேயே விட்டுவிடுகிறது.

இவ்வுரிமையைப் படிப்போர் உடனே மேற்கொண்டனர். கால்டெக் மாணவர் வகுத்த ‘வார்லாக்’ 1975இல் அச்சேறியது. ஸ்டீவ் பெரின் 1976இல் தம் போர் விதிகளைத் தாள்களாக வழங்கினார். ‘பெரின் வழக்குகள்’ எனப் பெயர் பெற்ற அவற்றின் ஆசிரியரே பின்னர் ‘ரூன்குவெஸ்ட்’ (1978) என்னும் தனி ஆட்டத்தை ஆக்கியோருள் தலையானவர். லாஸ் ஏஞ்சலிசில் லீ கோல்டு 1975இல் தொடங்கிய ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்னும் ஆர்வலர் இதழில் இத்தகைய விதிகள் திங்கள்தோறும் குவிந்தன. அவ்விதழுக்கு அவ்வாண்டே எழுதிய கடிதத்தில் கைகாக்ஸ், இடத்திற்கு இடம் ஆட்டம் வேறுபடுதலை வரவேற்றே பேசினார். 1978, 1979 ஆண்டுகளில் அவர் குரல் மாறிவிட்டது. எங்கும் ஒரே வகையில் ஆடுதல் வேண்டும் என்பது அப்போது அவர் வற்புறுத்திய கொள்கை. ஹார்கிரேவின் நூல் இவ்விரு குரல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் தோன்றியது. அதன்மேல் எழுந்த கண்டனங்களுட் பல நூலின் குற்றத்தால் எழுந்தனவல்ல, காலத்தின் மாற்றத்தால் எழுந்தன.

இனி, மூலம் வாய்வாளாது நின்ற இடங்களுள் மூன்றில் ஹார்கிரேவ் கூறியவற்றை ஆராய்வோம்.

முதலாவது, புண். மூலத்தில் வீரன் ஒருவன் தாக்குண்டால் அவனுக்குரிய எண்ணிக்கை குறையும்; அது சுழியாகும்வரை அவன் ஓடுவான், வெட்டுவான், ஏறுவான்; சுழியானதும் வீழ்வான். கை இழந்தவன் என்றோ கண் இழந்தவன் என்றோ அங்கு எவனும் இல்லை. ஹார்கிரேவ் இங்கே நூற்றளவான பகடை எண்களுக்கு ஏற்ப உறுப்புச் சிதைவுகளை வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்றைத் தந்தார். ஆர்டுயின் என்றதும் பலர் நினைவுக்கு வருவது இக்கொடிய பட்டியலே. அவர் வியட்நாம் போரில் பணியாற்றியவராதலின் அப்போரின் நினைவே இப்பட்டியல் என்பார் உளர். நூலாசிரியன் வாழ்க்கையிலிருந்து நூலின் ஒவ்வொரு வரிக்கும் காரணம் தேடும் இவ்வழக்கம் நம்மிடையேயும் மலிந்துள்ளது. இதனால் விளங்குவது சிறிது, மறைவது மிகுதி. பட்டியலை ஆட்டத்துள் வைத்துக் காணின் வேறோர் உண்மை புலப்படும்.

ஆட்டத்தில் வரும் ஒரு பகைவன் ஒரு போரோடு மறைவான். ஆடுவோன் ஏற்ற வேடமோ போர்தோறும் வருவது. ஆகவே இருசாரார்க்கும் பொதுவாக வகுத்த கொடிய விதி ஒன்று காலப்போக்கில் ஆடுவோனையே மிகுதியும் தாக்கும். இருபதில் ஒரு முறை நேரும் நிகழ்ச்சி என அதனைக் கொள்வோமாயின், இருபது தாக்குதல்களைச் சந்திப்பவனுக்கு அது ஒரு முறையேனும் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 64 ஆகும். ஒரு மாலைப்பொழுதின் ஆட்டத்திலேயே இருபது தாக்குதல் எளிதில் வந்துவிடும். மூலத்தின் போர்முறை வறியது என ஹார்கிரேவ் கண்டது சரி. அவ்வறுமையே நெடுநாள் வாழும் வேடத்தைக் காத்துநின்றது என்பதை அவர் கருதிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இப்பகுதி மிகைபடக் கூறல் என்னும் குற்றத்தின்பாற்படும் என்பதே எம் முடிபு.

இரண்டாவது, ஒழுக்கம். மூலம் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூன்று சார்புகளை மட்டும் வகுத்தது. ஒழுங்கின் சார்பினன் பொய் சொல்வானா, சரணடைந்தவனைக் கொல்வானா என்ற வினாக்களுக்கு அங்கு விடை இல்லை. மேசையில் பூசல் எழுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். ஹார்கிரேவ் சார்புகளின் தொகையைப் பெருக்கி, கொல்லும் இயல்பு, பொய் கூறும் இயல்பு, பொறுக்கும் இயல்பு முதலியவற்றை ஒவ்வொரு சார்புக்கும் அளவிட்டு அட்டவணையாக்கினார். மனிதப் பண்பை எண்ணால் அளத்தல் நகைப்புக்குரியது எனத் தோன்றலாம். ஆயினும் அட்டவணை யாருக்கு உதவும் என்பதை நோக்குதல் வேண்டும். தான் ஏற்ற வேடத்தின் பண்பை ஆடுவோன் தானே அறிவான். நடுவரோ ஒரே மாலையில் பத்துப் பதினைந்து அயலார்க்குக் குரல் கொடுத்தாக வேண்டும். வழியில் எதிர்ப்பட்ட கொள்ளைக்காரன் சொன்ன சொல்லைக் காப்பானா என்பதை நொடியில் முடிவு செய்தாக வேண்டும். அவருக்கு இவ்வெண் ஊன்றுகோல். விதியை வகுத்தவர் நடுவராக இருந்து துன்புற்றவர் என்பது இப்பகுதியில் தெளிவாகத் தெரிகிறது. முத்தொகுதியின் மிகச் சிறந்த பகுதி இதுவே எனக் கூறத் தயங்கவில்லை.

மூன்றாவது, பயன். மூலத்தில் ஒரு வேடம் படி உயர்வதற்குரிய புள்ளிகள் பகைவரை வெல்வதாலும் பொன்னைக் கவர்வதாலும் வருவன. பொன்னால் வருவதே மிகுதி. ஆகவே ஆடுவோர் கதையின் சுவையை விட்டுக் கருவூலத்தை எண்ணத் தலைப்பட்டனர். ஹார்கிரேவ் பொன்னை விடுத்துச் செயலுக்குப் புள்ளி தந்தார். குழுவில் ஒருவனாகத் தப்பி மீண்டவனுக்கும், இறந்து மந்திரத்தால் உயிர்பெற்று எழுந்தவனுக்கும்கூடப் புள்ளி உண்டு. இறத்தலும் ஓர் அனுபவம் என்னும் இக்கருத்தில் நகையும் உண்டு, நுட்பமும் உண்டு. உரையாசிரியர் நூற்பாவிலுள்ள மிகைச்சொல் ஒன்றைப் பற்றி இலேசினால் புதிய விதி கொள்வர். ஹார்கிரேவுக்கு அத்தகைய பணிவு இல்லை. மூலம் வைத்த இடத்திலிருந்து பொருளை எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு, அதற்குக் காரணமும் கூறாது மேற்செல்கிறார்.

பிற பகுதிகளை விரிக்க வேண்டுவதில்லை. பூச்சி உருவினராகிய ஃபிரெய்ன்ட் இனமும், எந்திரம் வல்ல டெக்னோவும், பல உலகங்களுக்கு வாயிலான நிலமும் ஒரு குழுவின் விருப்பங்கள். விருப்பத்தைத் திறனாய்தல் வீண். நூலின் நடையோ திருத்தமற்றது. அட்டவணைகள் நெருங்கிக் கிடக்கின்றன. பொருளடைவு முறையாக இல்லை.

நூலின் பாடத்தைப் பற்றிய செய்தி ஒன்று இவை அனைத்தினும் இன்றியமையாதது. மூலத்தை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் எதிர்ப்புத் தெரிவித்ததால், ஆர்டுயின் நூலில் மூல ஆட்டத்தின் பெயர் வந்த இடங்கள் பின்னர் மறைக்கப்பட்டன. பெயர் மறைந்ததேயன்றிச் சார்பு மறையவில்லை. மூலத்தை அறியாதவன் இந்நூலைக் கொண்டு ஆட்டத்தைத் தொடங்கவே இயலாது. அடிப்படை விதிகள் இதில் இல்லை. உரை கிடக்கிறது, எதற்கு உரை என்னும் செய்தி சுரண்டப்பட்டுவிட்டது. இதனைத் தனி ஆட்டம் எனக் கருதும் மயக்கம் பெரும்பாலும் இதனால் விளைந்தது.

மூலத்திற்கும் இதே நிலை நேர்ந்தது என்பது பலர் கவனியாத ஒன்று. 1974ஆம் ஆண்டு நூலில் டோல்கியன் கதைகளிலிருந்து எடுத்த ஹாபிட், என்ட், பால்ராக் என்னும் பெயர்கள் இருந்தன. அக்கதைகளின் வணிக உரிமை பெற்றோர் எதிர்த்தமையால் பின்வந்த அச்சுகளில் ஹாபிட் ‘ஹாஃப்லிங்’ ஆயிற்று, என்ட் ‘ட்ரீயன்ட்’ ஆயிற்று, பால்ராக் நீங்கிற்று. பிறர் பெயரைத் தம் நூலினின்று அழிக்க நேர்ந்தவரே, தம் பெயரைப் பிறர் நூலினின்று அழிக்கச் செய்தனர். 2000ஆம் ஆண்டில் அவ்வாட்டத்தின் அப்போதைய உரிமையாளர் திறந்த உரிமம் ஒன்றை வெளியிட்ட பின்னர், பழைய விதிநூல்களுக்கு ஆர்வலர் எழுதும் விரிவுகள் அச்சமின்றி வெளிவரலாயின. அவற்றுட் பல ஹார்கிரேவின் நூலினும் செப்பமானவை. மூலத்தோடு இத்துணை வெளிப்படையாக முரணி நிற்கும் துணிவு அவற்றுட் சிலவற்றிலேயே உண்டு.

ஆகவே ஆர்டுயின் தொகுதியைப் பதிப்பிக்க முற்படுவோர் செய்யத்தக்கது ஒன்று. அதன் விதி ஒவ்வொன்றின் மேலும் 1974ஆம் ஆண்டு நூலின் உரிய பகுதியை மூலமாக வைத்து, கீழே ஹார்கிரேவின் கூற்றைத் தருதல் வேண்டும். இரண்டு நூல்களிலும் அழிந்த பெயர்களை அடிக்குறிப்பில் மீட்டல் வேண்டும். அப்போது வெளிப்படக் கூடியவற்றிற்குச் சான்று ஒன்று காட்டலாம். ஆர்டுயினில் வரும் ‘டியோடாந்த்’ என்னும் கொடியோரின் பெயர் ஜாக் வான்சின் கதைகளில் வரும் ‘டியோடாண்ட்’ என்பதை நினைவூட்டுவது. மந்திரவாதி தான் மனனம் செய்த மந்திரத்தைக் கூறியதும் மறந்துவிடுவான் என்னும் மூல ஆட்டத்தின் விதியும் அதே வான்சின் ‘தி டையிங் எர்த்’ (1950) என்னும் நூலிலிருந்து வந்தது. இவ்விரு செய்திகளும் அருகருகே அச்சிடப்பெற்ற பக்கம் ஒன்றை இதுவரை யாம் கண்டதில்லை.