பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தவன்

போராட்டத்துக்கு வருகிற வெளியாளை எதை வைத்து நம்புவது? போன மாதம் ஒரு கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. "அவனெல்லாம் டூரிஸ்ட்டுண்ணே" என்றார் இளந்தோழர் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள், விவாதம் அதோடு முடிந்தது. எனக்கு மட்டும் முடியவில்லை. எங்க வீட்டுக் கதை ஒன்று அதில் மாட்டிக்கிட்டுக் கிடக்கிறது.

1997. பெரியப்பா செத்துப்போனார். நெய்க்காரப்பட்டிப் பக்கம் எங்க சனங்களுக்குச் சுடுகாடு இருந்தது, பாதை இல்லை. கரும்புக் காட்டு வரப்பில்தான் பிணம் போகும். அந்த வருஷம் தோட்டத்துக்காரர் வரப்பையும் முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிட்டார். பாடையைத் தூக்கிட்டு வந்து உடுமலை ரோட்டில் வைத்து உட்கார்ந்தோம். நின்றுபோன பஸ்ஸிலிருந்து வெள்ளைக்காரப் பையன் ஒருத்தன் இறங்கினான். பழனி பார்த்துவிட்டு மூணாறு போகிறவன். கண்டக்டரிடம் என்ன ஏது என்று கேட்டிருக்கிறான். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டான். அம்மா கொடுத்த தண்ணியை எங்க சொம்பிலேயே குடித்தான். (ஆதரவு கொடுக்க வந்திருந்த நம்மூர்ப் பெரியவர் ஒருத்தர் தாகமில்லை என்றார். உச்சி வெயில். அதையும் அம்மா பார்த்தாள்.)

போலீஸ் வந்தது. அவன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாக அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். எங்களில் 11 பேரை வேனில் ஏற்றினார்கள். நான் மூணாவது குற்றவாளி. வழக்கில் 'அந்நியர் தூண்டுதல்' என்று ஒரு வரி புதுசாகச் சேர்ந்திருந்தது. அந்த ஒரு வரியாலேயே ஜாமீன் இழுத்தது. அவன் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தான், நான் கம்பி எண்ணிக்கொண்டிருந்தேன். ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலைக்காரன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனாலும் அந்த வரியை எங்கே முதலில் கேட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஸ்டேஷனில் அல்ல, தோட்டத்துத் திண்ணையில். "நம்ம சனங்க நல்லாத்தான் இருந்தாங்க, வெளியாளுக வந்து கெடுத்துப்போட்டாங்க." மதுரையிலிருந்து ஒரு வக்கீல் வந்தாலும் இதே பேச்சுதான், பக்கத்து ஊர்க் காலனிக்காரன் வந்தாலும் இதே பேச்சுதான். நமக்கு வலிக்கும், ஆனால் நாமாகக் கத்த மாட்டோம், யாரோ வந்து கத்தச் சொல்ல வேண்டும் என்பது இதன் பொருள். ஊருக்கு வெளியே குடிவைத்தவன் நம்மைப் பார்த்து 'வெளியாள் பேச்சைக் கேட்காதே' என்கிறான்!

திண்ணைப் பேச்சு டெல்லி வரைக்கும் ஒன்றுதான். கூடங்குளத்தில் அணு உலை வேண்டாம் என்று இடிந்தகரை மீனவப் பெண்கள் பட்டினி கிடந்தார்கள். பின்னணியில் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக 2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் பேட்டி கொடுத்தார். அதே மாதம் நாகர்கோவில் லாட்ஜில் தங்கியிருந்த ஜெர்மானியப் பயணி ஒருவரைப் பிடித்து நாட்டைவிட்டு அனுப்பினார்கள். அவருக்குப் போராட்டத்தோடு தொடர்பு என்றார்கள். அவர் விமானத்தில் போனார். கடற்கரைச் சனங்களில் ஆயிரக்கணக்கானவர் மேல் தேசத்துரோக வழக்கு விழுந்தது. வெளியாள் மேல் சுமத்தின குற்றத்துக்கு உள்ளாள் வாய்தாவுக்கு நடக்கிறான். எங்க 11 பேர் கதையேதான், எண்ணிக்கைதான் கூட.

எனவே 'அவன் உண்மையானவனா' என்ற கேள்வியை அரசாங்கம் கேட்டால் நாம் பதில் சொல்லத் தேவையில்லை. நாமே கேட்கிறபோதுதான் அதற்கு மதிப்பு. நாம் கேட்டிருக்கிறோமா?

வைக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1924 மார்ச் 30-ந் தேதி தடை செய்த தெருவை நோக்கி முதலில் நடந்த மூன்று பேரில் குஞ்ஞாப்பி புலையர். பிறகு வெளியாட்கள் வந்தார்கள். மதுரையில் வக்கீல் தொழில் செய்த ஜார்ஜ் ஜோசப் வந்தார். பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து சமையல்கூடம் வைத்தார்கள். ஈரோட்டிலிருந்து பெரியார் வந்தார். இது இந்துக்கள் காரியம், கிறித்தவரான நீங்கள் விலகி நில்லுங்கள் என்று ஜோசப்புக்கு காந்தி எழுதினார். சீக்கியர் அடுப்பும் வேண்டாம் என்றார். யார் உள்ளாள், யார் வெளியாள் என்று தீர்மானித்தது யார் பாருங்கள். தெரு யாருக்கு அடைத்திருந்ததோ அவனிடம் கேட்டதாக நான் படித்ததில் ஒரு வரி இல்லை. பசித்த வயிற்றுக்குச் சப்பாத்தியின் மதம் தெரியுமா? கடைசியில் 1925 நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு திறக்கவில்லை. பெரியார் ஒரு தடவை ஜெயிலுக்குப் போய் வெளியே வந்தவர், ஈரோட்டுக்குத் திரும்பிப் போய்க் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மறுபடி வந்தார், மறுபடி உள்ளே போனார். இரண்டாவது தடவை வந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். முதல் தடவை யாருக்கும் ஆவேசம் வரும்.

(ஜோசப்பைப் பற்றி இன்னொன்று. குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துக் கள்ளர்களுக்காக வாதாடினார் அவர். அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினார்கள். அந்த ஊர்களில் அதே காலத்தில் நம்ம சனங்க பட்ட பாட்டுக்கு ஒரு துரையும் வரவில்லை. போகட்டும்.)

வந்து தங்கினவர்தான் நம்பகமானவர் என்றும் சிலர் சொல்கிறார்கள். அதையும் சோதிக்க வேண்டும். நம்ம மாவட்டத்திலேயே கெய்த்தான் இருந்தார். 1925-ல் மதுரை மிஷனுக்கு வந்த அமெரிக்கப் பாதிரியார். காந்தியின் ஆங்கிலேயத் தோழர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்ததால் 1930-ல் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வந்தார். 1944-ல் மறுபடி வெளியேற்றினார்கள். சுதந்திரம் வந்ததும் மறுபடி வந்து காந்திகிராமம், ஒட்டன்சத்திரம் என்று கதர் வேட்டியோடு வேலை செய்தார். ஒட்டன்சத்திரம் ஆஸ்பத்திரி எழும்ப அவரும் ஒரு காரணம். இந்த மனுசரைப் பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் அவர் பின்பற்றிய காந்திய வழியில் நாம் யார்? மேல்சாதி மனசு மாறும்வரை காத்திருக்கிற, சேவை வாங்கிக்கொள்கிற சனங்கள். ஆள் உண்மையாக இருப்பது வேறு, அவர் அரசியல் நமக்கு உதவுவது வேறு. நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நல்லவர் என்பதால் அவர் சொன்ன வழியில் நடந்துவிடுகிறோம், இல்லாவிட்டால் வழி பிடிக்காததால் ஆளையே ஏமாற்றுக்காரன் என்கிறோம்.

நாமும் வெளியாளாகப் போனதுண்டு. வெண்மணியில் 1968 டிசம்பர் 25-ல் 44 பேரை உயிரோடு எரித்த பிறகு, நம்ம மாவட்டத்தில் பிறந்த தலித் பெண் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் கீழத்தஞ்சைக்குப் போனார். அவரையும் அங்கே யாரோ 'யார் இந்தம்மா' என்று கேட்டிருப்பார்கள். நிலம் சனங்கள் பேரில் பதிவாகிறதா என்பதை வைத்து அவரைப் பார்த்தால் போதும்.

எனக்கு ரொம்ப நாளாக மனசில் நிற்பது 2019 டிசம்பரில் சென்னையில் நடந்தது. ஐ.ஐ.டி.யில் ஒரு வருஷம் படிக்க வந்த ஜெர்மன் மாணவர் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த ஊர்வலத்தில் நின்றார். அட்டையில் தன் நாட்டின் 1933–1945 வருஷங்களை எழுதிப் பிடித்திருந்தார். உடனே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். படிப்பு பாதியில் போனது. அவர் நமக்குப் புத்தி சொல்லவில்லை, தன் வீட்டு அசிங்கத்தைத் தூக்கிப் பிடித்தார். நம்மோடு நிற்க வருகிற உள்ளூர் முற்போக்காளர்களிடம் இந்த அட்டையை நான் தேடுகிறேன். சேரிக்கு வந்து கறி தின்கிறார்கள், பறை அடிக்கிறார்கள். தங்கள் தெருவில், தங்கள் கல்யாணப் பத்திரிகையில், தங்கள் தோட்டத்துக் கூலியில் என்ன செய்தார்கள் என்று கேட்டால் முகம் சுண்டிப்போகிறது. பாஸ்போர்ட் இல்லாத டூரிஸ்ட்டுகள் இவர்கள். வெள்ளைக்காரனைக் கேலி செய்கிற நம்ம தோழர்கள் இவர்களுக்கு மேடையில் நாற்காலி போடுகிறார்கள்.

பாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றரை வருஷம் கழித்து அவனிடமிருந்து கடுதாசி வந்தது. ஊர்ப் பேர் மட்டும் போட்டு, ரோட்டில் பிணம் வைத்த குடும்பம் என்று இங்கிலீசில் எழுதியிருந்தான். தபால்காரர் எப்படியோ கொண்டுவந்து சேர்த்தார். அன்றைக்கு யார் யாரைப் பிடித்தார்கள், அந்தப் பெரியவரைக் கடைசியில் எங்கே புதைத்தீர்கள், பாதை வந்ததா என்று கேட்டிருந்தான். அவங்க ஊர் ஓரத்தில் ஜிப்சி சனங்கள் கூடாரம் போட்டிருக்கிறார்களாம், ஊர் அவர்களை விரட்டுகிறதாம், இத்தனை வருஷம் அந்த வழியாகப் போய்வந்தும் பார்க்கவில்லை, இப்போது போய் உட்காருகிறேன் என்றும் இருந்தது. படித்துக் காட்டினேன். "கேட்டிருக்கான் பாரு, பதில் போடு" என்றாள் அம்மா. வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம், வாய்தாவுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. "அவனுக்கென்னம்மா, எழுதுவான்" என்றேன். அவள் அதற்கப்புறம் நாலைந்து தடவை கேட்டாள். நான் எழுதவில்லை.

வழக்கு 2004-ல் தள்ளுபடி ஆனது. பாதை அதற்கும் பிறகு, பாதி அகலத்துக்கு வந்தது. 2011-ல் அம்மாவை அந்த வழியாகத்தான் கொண்டுபோனோம். காரியம் முடிந்து அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ரேசன் கார்டுக்கு அடியில் அந்தக் கடுதாசி இருந்தது. அதோடு சேர்த்து மடித்து, ஒன்றும் எழுதாத நீலக் கலர் ஏரோகிராம் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவள், எப்போது போய் வாங்கினாளோ.