பதக்கம் மறைக்கும் சிப்பாய்

போர்ச் சித்திரக்கதைக்கு நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: சாகிறவனோடு கதை எவ்வளவு நேரம் நிற்கிறது? உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் ‘கமாண்டோ’ இதழ்களைப் புரட்டி வளர்ந்த கோவை வாசகர்களுக்கு இதன் எதிர்முனை நன்றாகவே தெரியும். 1961 முதல் வரும் அந்தக் கையடக்க இதழ்களில் கோடு தேர்ந்தது, டாங்கியின் வடிவம் பிசகாது. ஆனால் எதிரி அலறி விழுந்த மறுகட்டத்திலேயே கதை அவனை மறந்துவிடும்.

அமர் சித்ர கதாவின் ‘பரம் வீர் சக்ரா’ இந்த வார்ப்பிலிருந்து விலக முயல்கிறது. இந்தியாவின் உயரிய போர்க்கால விருதான பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரை ஒரே நூலில் திரட்டிய உழைப்பு பாராட்டுக்குரியது. மேஜர்களோடு, அதிகாரிகளல்லாத அப்துல் ஹமீதும் ஆல்பர்ட் எக்காவும் சித்திரக்கதைக்குள் வந்தது சிறிய காரியமல்ல. குறை அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு வாழ்வும் ஒரு நாளை நோக்கி, அந்த நாள் ஒரு செயலை நோக்கி, செயல் பதக்கத்தை நோக்கி விரைகிறது. விருதுச் சான்றின் நடையே கதையின் நடையாகிவிடுகிறது.

இந்திய-சீனப் போரின் ரெசாங் லா சண்டையையே எடுத்துக்கொள்வோம். 1962 நவம்பர் 18 அன்று ஷைத்தான் சிங்கின் கம்பெனியில் பெரும்பாலோர் மடிந்தார்கள். பனிக்காலம் கழிந்து தேடிப் போனபோது, உறைந்த உடல்கள் பதுங்குகுழிகளில் ஆயுதம் ஏந்தியபடியே கிடந்தன. ஹரியானாச் சமவெளியின் உழவர் மக்கள், பீரங்கித் துணை எட்டாத அந்த உயரத்தில் ஏன் நிறுத்தப்பட்டார்கள்? துயரம் இந்தக் கேள்வியில் இருக்கிறது. தனிவீரரை மையமாக்கும் அமைப்பில் இதற்கு இடமே இல்லை.

பக்கம் போதாது, இளம் வாசகருக்கான நூல் என்ற சமாதானங்கள் செல்லா. 1979-ல் பேட் மில்ஸ் எழுத, ஜோ கொல்கூன் வரையத் தொடங்கிய முதல் உலகப் போர்க் கதை ‘சார்லீஸ் வார்’ சிறுவர் வார இதழில்தான் வந்தது. வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்த பதினாறு வயது சார்லி, எழுத்துப்பிழைகளோடு வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். எழுத்து வீட்டாரைத் தேற்றும்போது, அருகிலுள்ள ஓவியம் அகழியின் சேற்றைக் காட்டுகிறது. குண்டில் சிதறிய நண்பன் ஜிஞ்சரின் உடலை அவன் ஒரு மணல்மூட்டைக்குள் அள்ளிச் சேர்க்கிறான். சொல்லும் படமும் முரண்பட்டு நின்று பொருள் தருவது இந்தக் கலைக்கே உரிய ஆற்றல். இந்திய நூலில் சொல் சொன்னதையே படமும் சொல்கிறது.

பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லிண்ட்சே பொல்லாக் வரைந்த ‘வன்னி’ (2019) முறையியலில் ‘பரம் வீர் சக்ரா’வைவிட உயர்ந்தது. இலங்கையின் வன்னியில் ஐ.நா. பணியில் இருந்த டிக்ஸ், அங்கு நடந்த போரில் உயிர் பிழைத்தோரின் சாட்சியங்களிலிருந்து கதையைக் கட்டினார். குடும்பங்கள் முழுமையாக உயிர்பெறுகின்றன, சீருடை அணிந்தவர்களின் உள்ளமோ பெரும்பாலும் திறக்கப்படுவதில்லை. குடிமக்களின் கதை என்ற எல்லைக்குள் இது பிழையாகாது.

இரண்டு நூல்களுக்கும் நடுவே விடுபட்டது எது என்பதை அந்த 21 பேரில் ஒருவரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் முடிவு காட்டுகிறது. 1987 நவம்பர் 25 அன்று இந்தத் தமிழ் அதிகாரி இறந்தது யாழ்ப்பாணத் தமிழ் மண்ணில். இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 பேர் மடிந்தார்கள். கோவையிலிருந்து மலையேறினால் வரும் வெலிங்டனைப் பயிற்சி மையமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டும் அங்கே போரிட்டது. தன் மொழி பேசும் வீட்டைச் சோதனையிட நேர்ந்த சாதாரணத் தமிழ்ச் சிப்பாய்க்குள் என்ன நடந்தது என்பதை ‘பரம் வீர் சக்ரா’ கேட்பதில்லை. தகவல் தொகுப்பாக அதற்கு மதிப்பு உண்டு. போர்ச் சித்திரக்கதையாக அது பாதி வழியில் நின்றுவிட்ட முயற்சி.