கூச்சலால் பனிச்சரிவு வருமா?

திரைப்படங்களில் இக்காட்சியைக் கண்டிருப்பீர்கள். ஒருவர் உரக்கக் கத்துவார். உடனே மலைப்பனி சரிந்து விழும். இயற்பியல் இதை ஏற்பதில்லை. மனிதக் குரல் பனியின்மீது செலுத்தும் அழுத்தம் மிகச் சொற்பம். மலையேறுபவரின் காலடி அழுத்தமோ அதைவிடப் பன்மடங்கு பெரிது.

பனிச்சரிவை மணல் சரிவதைப் போலக் காட்டுவதும் அரை உண்மையே. திருமுக்கூடலில் பாலாற்று மணலைக் குவித்துப் பாருங்கள். சாய்வு 30 பாகையைச் சற்றுத் தாண்டியதும் மணல் உதிரும். தளர்ந்த பனியும் இவ்வாறே உதிரும். ஆனால் பெரும்பாலும் உயிரைக் குடிப்பது வேறுவகைச் சரிவு. மேலே பலகைபோல் இறுகிய பனி. அடியில் வலுவற்ற படிகப் படலம். ஆள் மிதித்ததும் அடிப்படலம் நொறுங்க, மேற்பலகை முழுவதும் ஒருசேர வழுக்கி இறங்கும். 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில் இது மிகுதி.

2022 அக்டோபர் 4 அன்று, உத்தரகாசி நேரு மலையேற்றக் கழகத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பயின்றவர்க்கே இந்த ஆபத்து எனில், திரைப்படத்தை நம்புபவர் என்ன செய்வார்? வாயை மூடிக்கொண்டு, அபாயச் சரிவில் காலை வைப்பார்!

இமயம் செல்லும் மாணவர்களே, புதுப்பனி கொட்டியவுடன் செங்குத்துச் சரிவுகளைத் தவிருங்கள். கடந்தே தீரவேண்டுமெனில் ஒவ்வொருவராகக் கடவுங்கள். புதையுண்டவரை முதல் கால்மணி நேரத்தில் தோண்டியெடுக்கக் கரையேறிய தோழர்கள் வேண்டுமல்லவா?