கைனி இல்லாத வெற்றிக் கதைகள்

சுயஉதவிக் குழுக்களைப் பற்றி அச்சாகிற வெற்றிக் கதைகளை நான் ஓர் இலக்கிய வகையாகவே வாசித்து வருகிறேன். தொண்டு நிறுவனம், வங்கி, அரசுத் துறை, யார் போட்டாலும் கதை ஒன்றுதான். புருஷன் குடிகாரன். மனைவி குழுவில் சேர்கிறாள். கடன் வருகிறது, கறவை மாடு வருகிறது, பிள்ளை இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகிறது. கடைசியில் சிரித்த முகமாக ஒரு போட்டோ. பெருங்காப்பியத்தில் என்னென்ன வர்ணனை வரவேண்டும் என்று தண்டியலங்காரம் பட்டியல் போடும். இந்தக் கதைக்கும் எழுதப்படாத இலக்கணம் ஒன்று உண்டு. அது எதெது வரக்கூடாது என்பதைச் சொல்கிற இலக்கணம்: சாதி வரக்கூடாது, சேரி வரக்கூடாது, நிலம் வரவே கூடாது.

இந்த வகையின் மூலக்கதை வங்காளதேசத்தில் பிறந்தது. 1976இல் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு முகமது யூனுஸ் தன் கையிலிருந்து 27 டாலர் கொடுத்தார். 1983இல் அது கிராமீன் வங்கியானது, 2006இல் நோபல் பரிசும் கிடைத்தது. நிலமில்லாதவர்களைத் தேடித்தான் கிராமீன் போனது, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு ஏன் நிலம் இல்லை என்ற கேள்வி கதைக்கு வெளியே நின்றுவிட்டது.

அந்தக் கேள்வியை எங்கள் செங்கல்பட்டுக்காரர்கள் வெளியே நிறுத்த முடியாது. 1891இல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ட்ரெமென்ஹீர் என்ற வெள்ளைக்கார ஆட்சியர் ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதார்கள் எங்கள் ஆட்களுக்கு நிலம் கிடைக்காமல் தடுப்பதையும், குடியிருக்கும் மனையைக் காட்டியே மிரட்டுவதையும், படியாள்கள் கடனால் கட்டுண்டு கிடப்பதையும் அரசின் முன்வைத்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அதன் நிபந்தனையைக் கவனியுங்கள்: முதல் பத்தாண்டு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்கவேண்டும். சேரிக்காரன் கையில் நிலத்தைக் கொடுத்தால் கடன் என்ற வழியாகத்தான் அது ஊருக்குப் போகும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அப்படித்தான் போகவும் போனது.

அதைத் திருப்பிக் கேட்டுத்தான் மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் மக்கள் பஞ்சமி நிலத்தில் இறங்கி அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. 10.10.1994 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள். அதே பத்தாண்டில்தான் குழுக்களும் வளர்ந்தன. 1989இல் தர்மபுரியில் தொடங்கியது, 1992இல் நபார்டு வங்கியின் இணைப்புத் திட்டம், 1997இல் மகளிர் திட்டம். ஒன்றை மறைக்க மற்றொன்றைக் கொண்டுவந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கைனி கேட்டபோது குண்டு வந்தது, கேட்காத கடன் வாசல் தேடி வந்தது என்கிறேன்.

குழுவால் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. எங்கம்மா முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது குழுவின் தீர்மான நோட்டில்தான். வங்கிக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் குழுவால்தான். மீட்டர் வட்டிக்காரன் எங்கள் வாசலுக்கு வருவது அதற்குப் பிறகுதான் நின்றது. அதை யாரும் அம்மாவிடமிருந்து பறிக்க முடியாது.

ஆனால் குழு வந்த வழியிலேயே பின்னால் தனியார் வாரக் கடனும் வந்தது. ‘பிணை இல்லாத கடன்’ என்றார்கள். இந்தச் சொல்லைத்தான் நாம் வாசித்தாக வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்றால் பிணை இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் பிணை. தெருவில் இருக்கிற மானம்தான் அடமானம்.

எங்கள் தெருக் கோடிவீட்டு அத்தையின் புருஷன் கடற்கரைப் பக்கம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். இரண்டு வாரம் தவணை கட்ட முடியவில்லை. வசூலுக்கு வந்தவர் சத்தம் போடவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. “பணம் வர்ற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னார். குழுப் பெண்கள் எல்லாரும் அத்தை வாசலில் போய் உட்கார்ந்தார்கள். எங்கம்மாவும்.

“நான் ஒன்னும் கேக்கலடா. சும்மா குந்திக்கினுதான் இருந்தேன். அவ கட்டலன்னா நாங்க கட்டணும், நான் எங்க போவேன் துட்டுக்கு?” இதைச் சொல்லும்போது அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மூன்றாம் வாரம் அத்தை செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக் கடனை அடைத்தாள். குடும்பமே சூளைக்குப் போனது, பையனின் படிப்பு நின்றது. வாங்கிய பணத்துக்கு உழைப்பை ஈடாகக் கட்டிவைப்பதை 1976இலேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. ட்ரெமென்ஹீர் பார்த்த படியாள் நூறு வருஷம் கழித்து எங்கள் தெருவிலிருந்து லாரி ஏறினான். நிறுவனத்தின் கணக்கில் மட்டும் அந்தக் கடன் முழுசாகத் திரும்பிவிட்டது. அது நூற்றுக்கு நூறு வெற்றிக் கதை.

2010இல் ஆந்திரத்தில் தற்கொலைகளுக்குப் பிறகு அவசரச் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்தின் தவணைகள் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு 2025இல் சட்டம் இயற்றியது. எல்லாம் தேவைதான். ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாம் கடனை எப்படி வசூலிப்பது என்றே பேசுகின்றன. கடன் வாங்கித்தான் அரிசி வாங்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற நிலைமை யாரால் வந்தது என்று இவற்றில் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே அடுத்த வெற்றிக் கதையை எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வாசகனாக நான் சொல்வது இது. மாட்டைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மாடு யார் நிலத்தில் மேய்கிறது என்றும் எழுதுங்கள். ஊர்க்காரன் வரப்பில் புல் அறுத்ததற்கு அவள் என்ன பேச்சு வாங்கினாள் என்று எழுதுங்கள். தவணை நாளில் யார் வாசலில் யார் உட்கார்ந்தார்கள் என்று எழுதுங்கள். அத்தையின் கதையை அவர்கள் எழுத மாட்டார்கள் என்பதால்தான் இங்கே நான் எழுதினேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “என்னெ எழுதினது சரி. அவ பேரை மட்டும் போடாத” என்றாள்.